விரிசலைத் தாங்கும் மணல்

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னாள் போர்ட் பிளேர்) அந்தமான் டிரங்க் ரோட்டில் வடக்கே போய், மிடில் ஸ்ட்ரெய்ட் கடற்கழியைப் படகில் கடந்தால் பாராடாங் தீவு. அங்கே சுண்ணாம்புக் குகைகளைப் பார்க்கப் போகிறவர்கள் சேற்று எரிமலையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். பெயரில் எரிமலை இருந்தாலும் நெருப்புக் குழம்பு கிடையாது. சாம்பல் நிறச் சேறு மெல்லக் கொப்பளிக்கும், குமிழி விட்டு உடையும். குமிழிக்குள் இருப்பது பெரும்பாலும் மீத்தேன். ஆழத்துக் களிமண் படிவங்களில் அழுத்தம் ஏறும்போது வாயுவும் நீரும் பாறையைப் பிளந்துகொண்டு, சேற்றையும் இழுத்துக்கொண்டு மேலே வருகின்றன. அழுத்தம் இறங்கியதும் பிளவு மூடிக்கொள்கிறது. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தை ஒட்டி இந்தச் சேற்று எரிமலை சீறியது. அடங்கிக் கிடந்து, 2025 அக்டோபரில் மறுபடி வெடித்தது.

மனிதன் எண்ணெய்க் கிணற்றில் பாறையைப் பிளக்கச் செய்யும் வேலையை இயற்கை இங்கே தானே செய்துகொண்டிருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. இயற்கை பிளந்த வழி மூடிவிடுகிறது. மனிதன் பிளந்த வழி மூடாமல் இருக்க வேண்டும்.

அந்த வழியைத் திறந்து வைப்பதற்காகத்தான் மணல் எண்ணெய்த் தொழிலுக்குள் வந்தது. 1947ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஹ்யூகோடன் எரிவாயு வயலில் ஸ்டானோலிண்ட் நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. 2,400 அடி ஆழத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள், நேபாம் கலந்து கெட்டியாக்கிய 1,000 கேலன் பெட்ரோலைச் செலுத்தினார்கள். கிணற்றின் விளைச்சலில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆனாலும் அவர்கள் விடவில்லை. 1949 மார்ச் 17 அன்று ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் இரண்டு கிணறுகளில் ஹாலிபர்ட்டன் நிறுவனம் இந்த முறையை வணிகரீதியாகச் செய்தது. கச்சா எண்ணெயும் பெட்ரோலுமான திரவத்தோடு 100 முதல் 150 பவுண்டு மணலும் உள்ளே போனது. முதல் ஆண்டிலேயே 332 கிணறுகளுக்கு இதைச் செய்தார்கள். சராசரியாக 75 சதவீதம் விளைச்சல் கூடியது.

திரவத்தின் அழுத்தம் பாறையைப் பிளக்கிறது. திரவம் வெளியேறிய பிறகு, மேலே கிடக்கும் ஆயிரக்கணக்கான அடிப் பாறையின் பாரமும் பக்கவாட்டு நெருக்கமும் அந்தப் பிளவை மூடப் பார்க்கும். உள்ளே தங்கிவிட்ட மணல் மணிகள் கதவுக்கு வைத்த முட்டுக்கட்டைபோல நின்றுகொள்ளும். மணிகளுக்கு இடையில் உள்ள சந்துகளின் வழியாக எண்ணெயோ வாயுவோ கிணற்றை நோக்கி வரும். எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் இந்த மணலைப் புரொப்பண்ட் என்கிறார்கள். மீத்தேன் எதிர்ப்புப் போராட்டங்களில் தமிழ்நாட்டு மக்களுக்கு அறிமுகமான ‘நீரியல் விரிசல்’ முறை இதுதான்; அதில் தண்ணீருக்கும் ரசாயனத்துக்கும் கிடைத்த கவனம் இந்த மணலுக்குக் கிடைக்கவில்லை.

ஆரம்பத்தில் ஆற்று மணலையும் கட்டட மணலையும் ஜன்னல் வலையில் சலித்தே பயன்படுத்தினார்கள். போகப் போகத்தான் மணியின் அளவும் வடிவமும் எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது. சுமார் 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரையிலான மணிகள் நீண்ட காலம் தொழிலின் பொது அளவாக இருந்தன. எல்லா மணியும் ஒரே அளவில், உருண்டையாக இருந்தால் சந்து பெரிதாக இருக்கும். பொடி கலந்தால் சந்து அடைத்துக்கொள்ளும். ஆழம் கூடும்போது சாதாரண மணல் நொறுங்கி, அந்தப் பொடியே வழியை அடைக்கும். அக்ரூட் கொட்டை ஓடு, அலுமினிய மணி, கண்ணாடி மணி என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள். 1970களில் எக்ஸான் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் கிளாட் குக், பாக்சைட் தாதுவைச் சூளையில் சுட்டு இறுக்கிய மணிகளைக் கொண்டுவந்தார். அலுமினியம் எடுக்கும் அதே பாக்சைட்தான். மணல் பொடியாகும் ஆழத்திலும் அது தாங்கியது. பிசின் பூசிய மணலும் அந்தக் காலகட்டத்தில்தான் வந்தது.

இந்த மணிகளைக் கிணற்றின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நம் ஊர்க் காய்கறி ஒன்றுக்குப் பங்கு உண்டு. வெறும் தண்ணீரில் மணல் சட்டென்று அடியில் படிந்துவிடும். தண்ணீர் கூழாக இருந்தால் மணல் மிதந்தபடியே போகும். அந்தக் கூழுக்கு உலகம் நம்பியிருப்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசையை. பொரியலுக்கு நறுக்குகிற அதே கொத்தவரங்காய்ச் செடிதான். உலக விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் விளைகிறது. அமெரிக்காவில் ஷேல் (களிப்பாறை) வாயு வேட்டை உச்சத்தில் இருந்த 2012 மார்ச்சில், கொத்தவரைப் பசையின் விலை குவிண்டாலுக்கு ஒரு லட்சம் ரூபாயை நெருங்கியது. ஊகபேரம் கட்டுமீறிப் போகவே முன்பேர வணிகத்தையே அரசு நிறுத்திவைத்தது. டெக்சாஸ் கிணற்றின் பசி ஜோத்பூர் விவசாயியின் களத்தில் தெரிந்தது.

அந்தப் பசிக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் குன்றுகளும் இரையாயின. ஏறக்குறைய 50 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்கரையில் அலை உருட்டி உருட்டி உருண்டையாக்கிய குவார்ட்ஸ் மணல் அங்கே படிந்து கிடக்கிறது. ஒரு கிணற்றுக்கே ஆயிரக்கணக்கான டன் மணல் கொட்டும் காலம் வந்தது. மணல் கொட்டும் இடத்தில் எழும் சிலிக்கா தூசு நுரையீரலை அரிக்கும் என்று 2012ல் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிக்கை வெளியிட்டன. நொறுக்காலைகளிலும் கல்குவாரிகளிலும் சிலிக்கோசிஸ் என்ன செய்யும் என்பதை இந்தியத் தொழிலாளிகள் தங்கள் மூச்சிலேயே அறிந்தவர்கள். அந்த எச்சரிக்கை இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்தியாவிலும் இந்த முறை புதிதல்ல. ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் உள்ள ராகேஸ்வரி வயலில் எரிமலைப் பாறைகளைப் பிளந்து வாயு எடுக்கிறார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் துர்காபூர் அருகே இச்சாபூரில் ஓஎன்ஜிசி ஷேல் பாறையிலிருந்து வாயுவைக் காட்டியது. காவிரிப் படுகையிலோ மக்கள் எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரியில் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதிய ஷேல் வாயுத் திட்டங்களுக்கு வழியை அடைத்தது.

அந்தமானின் கதை வேறு. 1980ல் ஓஎன்ஜிசி இந்தக் கடலில் துளைத்த ஏஎன்-1 கிணறு, மியோசீன் காலச் சுண்ணாம்புப் பாறையில் எரிவாயு இருப்பதைக் காட்டியது. சுண்ணாம்புப் பாறைக்கு மணல் இல்லாத இன்னொரு வழியும் உண்டு. அமிலத்தைச் செலுத்தினால் அது பிளவின் சுவர்களைச் சீரில்லாமல் அரிக்கும். சுவர்கள் மீண்டும் ஒட்டினாலும் மேடும் பள்ளமும் பொருந்தாது, சந்து மிஞ்சும். பாறை எது என்பதைப் பொறுத்துத்தான் முட்டுக்கட்டை தேவையா இல்லையா என்பது தீர்மானமாகிறது.

2006ல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் இந்தியக் கடல்களில் வாயு ஹைட்ரேட் தேடி 113 நாட்களுக்கு மேல் அலைந்தது. மீத்தேன் நீரோடு சேர்ந்து பனிக்கட்டியாக உறைந்த பொருளைத்தான் ஹைட்ரேட் என்கிறோம். அந்தப் பயணத்தில் துளைத்த 21 இடங்களில் ஒன்றுதான் அந்தமானில். ஏறக்குறைய 1,340 மீட்டர் ஆழமுள்ள கடலில், தரைக்கும் கீழே சுமார் 600 மீட்டர் வரை ஹைட்ரேட் இருந்ததற்கான சான்று கிடைத்தது. உலகில் மிக ஆழத்தில் கண்டறியப்பட்ட ஹைட்ரேட்டுகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. அது உறைந்து கிடந்த இடம் கவனத்துக்குரியது. களிமண்ணுக்கு இடையே படிந்திருந்த எரிமலைச் சாம்பல் அடுக்குகள்தான் அதற்கு இடம் கொடுத்திருந்தன. எரிமலைத் தொடரின் ஓரத்தில் கிடக்கும் தீவுகளுக்குக் களிமண்ணைவிடப் பருத்த மணிகளை எரிமலைகளே கொடுத்திருக்கின்றன.

பருத்த மணியைத் தேடித்தான் 2015ல் சிக்யூ என்ற ஜப்பானியக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் பருமணல் அடுக்குகளில் செறிந்த ஹைட்ரேட்டையும் கண்டது. அதே மணல் எதிராளியாகவும் மாறும். 2013 மார்ச்சில் ஜப்பான் தன் நன்காய் கடற்பகுதியில் ஹைட்ரேட்டிலிருந்து மீத்தேனை எடுத்துக் காட்டியபோது, ஆறே நாளில் கிணற்றுக்குள் மணல் புகுந்து வேலை நின்றது. ஒரு தொழிலில் மணலை உள்ளே அனுப்பப் பாடுபடுகிறார்கள், இன்னொன்றில் உள்ளே வராமல் தடுக்கப் பாடுபடுகிறார்கள்.

பாதுகாப்பு, விண்வெளி காரணங்களால் மூடி வைத்திருந்த ஏறக்குறைய பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் இந்தியக் கடல் பரப்பு 2022ல் எண்ணெய், வாயுத் தேடலுக்குத் திறந்துவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றிலிருந்து செய்தி வந்தது. அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து 17 கிலோமீட்டர் தூரம், 295 மீட்டர் ஆழக் கடல். 2,212 முதல் 2,250 மீட்டர் ஆழத்தில் செய்த சோதனையில் வாயு விட்டுவிட்டு எரிந்தது. மாதிரியைக் காக்கிநாடாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில் 87 சதவீதம் மீத்தேன். ‘கண்டுபிடித்தார்கள்’ என்ற சொல்லுக்கும் ‘தொடர்ந்து வரும்’ என்ற சொல்லுக்கும் நடுவே இன்னும் பல சோதனைகள் இருக்கின்றன.

ஒரு கேள்வி எழலாம்: கடற்கரை முழுக்க மணலாக இருக்கும் தீவில் புரொப்பண்டுக்கு ஏன் வெளியே போக வேண்டும்? ராதாநகர் போன்ற கரைகளின் வெள்ளை மணலில் பவளத் துணுக்கும் சிப்பித் துகளும் ஏராளம். அது சுண்ணாம்பு. குவார்ட்ஸைவிட மிக மென்மையானது, நெருக்கத்தில் பொடியாகும், அமிலத்தில் கரையும். கிணற்றுக்கு உதவாது. வீடு கட்டவே அதை அள்ளித் தீர்க்கக் கூடாது என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, மணல் எடுப்பை ஆண்டுக்குக் குறைந்தது 20 சதவீதம் வீதம் குறைத்து, ஐந்து ஆண்டுக்குள் 33 சதவீத அளவுக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. தோணியாமை முட்டையிடுவதற்கு அந்த மணல் வேண்டும். 2004ல் பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனையை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்த்திய அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, எஞ்சிய கரைகளின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

ஆகவே, நாளை இந்தக் கடலடியில் பாறையைப் பிளக்க வேண்டிய நிலை வந்தால், மணியும் கூழும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். எந்த மணி, எவ்வளவு, எந்தத் திரவத்தோடு உள்ளே போகிறது, திரும்பி வரும் நீரை எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிப்பார்கள், நிலநடுக்க ஆபத்து மிகுந்த இந்த மண்டலத்தில் பிளவுகளை எப்படிக் கண்காணிப்பார்கள் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே தீவு மக்களின் முன்னால், அவர்கள் பேசும் மொழிகளில், ஆயில் இந்தியாவும் மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் வைக்க வேண்டும். சுனாமியைப் பார்த்த மக்களுக்கு அது சலுகை அல்ல, உரிமை.