படிக்க இயலாத சான்றுகள்: பழைய வீட்டுக் கணினிகளும் மின்னிலக்கத் தடயவியலும்

எழுதப்பட்டது என்பதனாலேயே ஒன்று படிக்கத்தக்கதாகிவிடுவதில்லை. எழுதிய கருவியும் எழுத்து முறையும் அறியப்பட்டிருத்தல் வேண்டும். கல்வெட்டாய்வாளர் நன்கறிந்த இவ்வுண்மையை இன்று மின்னிலக்கத் தடயவியலாளரும் எதிர்கொள்கின்றனர்.

கைப்பற்றிய வன்தட்டில் புதிதாக எதுவும் பதியாதவாறு தடுத்து முழுப்படி எடுப்பதும், மூலமும் படியும் ஒன்றே எனக் கணித முறையில் மெய்ப்பிப்பதும், கோப்புகளின் நாள், நேரம் கொண்டு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவதும் அத்துறையின் நடைமுறை. 1982இல் வெளிவந்த கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினியிடம் இந்நடைமுறை தடுமாறுகிறது.

முதலாவது, அதனுள் வன்தட்டு இல்லை. 64 கிலோபைட் நினைவகத்தில் உள்ளவை மின்சாரம் நின்றதும் மறையும். எஞ்சுவன ஒலிநாடாவும் நெகிழ்வட்டுமே. இரண்டாவது, அதன் 1541 வட்டியக்கி, வட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 170 கிலோபைட் தரவைத் தனக்கேயுரிய முறையில் பதிகிறது. ஐபிஎம் வகைக் கணினியின் வழக்கமான வட்டியக்கியால் அதனைப் படிக்க இயலாது. அவ்வட்டை வெற்று வட்டென்று ஒதுக்குபவர் சான்றையே இழப்பார். மூன்றாவது, கோப்புப் பட்டியலில் பெயரும் வகையும் அளவும் உண்டு, நாள் இல்லை. ஒரு கடிதம் குற்றத்திற்கு முன் எழுதப்பட்டதா, பின் எழுதப்பட்டதா என்பதை அவ்வட்டு கூறாது.

நான்காவது எழுத்தைப் பற்றியது. 65 என்னும் எண், ஆஸ்கி குறியீட்டில் ஆங்கிலப் பெரிய 'ஏ'. கமடோரின் பெட்ஸ்கி குறியீட்டில், சிற்றெழுத்து நிலையில், சிறிய 'ஏ'. குறியீடு அறியாது படிப்பவருக்குப் பெரியதும் சிறியதும் பிறழும். எழுத்துப் பழக்கத்தைக் கொண்டு எழுதியவரை அறிய முற்படுங்கால், இப்பிறழ்ச்சி குற்றமற்றவரையும் குற்றவாளியாகக் காட்டக்கூடும். மேலும், காந்தப்பூச்சு நலிந்த வட்டினை இருமுறை படித்தால் இருவேறு விடைகள் கிடைக்கலாம். அப்போது படியை மெய்ப்பிக்கும் கணக்கும் பொருந்தாது.

இதற்கு வழியுண்டு என்பதை ஒரு கலை மீட்பு காட்டிற்று. ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985இல் கமடோர் அமிகா கணினியில் வரைந்த படங்கள் நெகிழ்வட்டுகளில் முடங்கிக் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் முதலில் வட்டின் காந்தப் பதிவை உள்ளவாறே படியெடுத்தனர். பின்னரே, அறியப்படாத கோப்பு வடிவத்தை ஆராய்ந்து பொருள் கண்டனர். 2014இல் அச்செய்தி வெளியாயிற்று. முதலில் படி, பிறகே பொருள் என்னும் இவ்வொழுங்கு தடயவியலுக்கும் உரியது.

தமிழுக்கும் இச்சிக்கல் அயலன்று. ஒருங்குறி பரவுமுன் திஸ்கி, டாப் முதலிய குறியீடுகளில் தட்டச்சான நம் கோப்புகள், குறியீடு அறியாது திறப்பவருக்குப் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஆதலின், பழைய வட்டு வைத்திருப்போர் அதனை எழுதிய கணினி, செயலி, எழுத்துரு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து உடன்வைத்தல் நன்று.