கோட்டில் உட்காராத புள்ளி

நம்ம ஃபிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? கிராஃபில் ஒரு புள்ளி கோட்டை விட்டுத் தள்ளி நின்றால், சத்தமில்லாமல் ரப்பரால் அழித்துவிடுவோம். நானும் அழித்தவன்தான். அழிக்க மறுத்த ஒரு பெண்மணியின் வரலாறு இது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஓல்டாம், 1906-ல் நிலநடுக்க அலைகளை வைத்தே பூமிக்குள் ஒரு கருவம் இருப்பதைக் காட்டினார். அது திரவமே என்று 1926-ல் ஜெஃப்ரீஸ் நிறுவினார். பி அலை கருவத்தில் நுழையும்போது வளைந்துவிடும். அதனால் பூமியின் மறுபக்கத்தில் ஒரு நிழல் வளையம்; அங்கே அந்த அலை வரக்கூடாது.

1929-ல் நியூசிலாந்தின் மர்ச்சிசனில் பூமி குலுங்கியபோது, வந்தது! நிழலுக்குள்ளேயே லேசான பி அலைகள். ‘கருவத்தின் விளிம்பில் வளைந்து வந்திருக்கும்’ என்று சமாதானம் சொன்னார்கள். டென்மார்க்கின் இங்கெ லேமன் ஒப்பவில்லை. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஓட்ஸ் டப்பாக்களில் அட்டைகளை அடுக்கிவைத்து, அலை வந்த நேரங்களைக் கணக்குப் போட்டார். திரவத்துக்கு நடுவே இன்னொரு உள்கருவம் இருந்து அலையைத் திருப்புகிறது என்று 1936-ல் எழுதினார். சுமார் 1,220 கி.மீ. ஆரமுள்ள அந்த உருண்டை திடமானது என்பது 1971-ல் உறுதியாயிற்று. அதையும் பார்த்துவிட்டு, 104 வயது வரை வாழ்ந்தார்.

இப்போதெல்லாம் வேலையில் ஒரு ரீடிங் ஒத்துவரலைன்னா, மீட்டரைத் திட்டுமுன் இன்னொரு தடவை பார்க்கிறேன். தம்பி தங்கைகளே, ரப்பரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.