கழுத்தில் ஜெபமாலை, கையில் திருவோடு

யூபிலி மலர் என்றாலே கட்டி முடித்த கோபுரத்தையும், நிறைவேறிய திட்டங்களையும், பெருகிவிட்ட குடும்பங்களின் எண்ணிக்கையையும் எழுதுவது வழக்கம். அவை யாவும் ஆண்டவரின் கொடைகளே. நன்றியோடு நினைக்க வேண்டியவையே. ஆயினும் நம் பங்கு மக்களின் கதையை உள்ளபடி சொல்லப் புகுந்தால், தோற்றவர்களின் கதையையும் சொல்லாமல் விட முடியாது.

நம்மில் பலர் இம்மண்ணுக்கு வந்து சேர்ந்தவர்கள். தென்மாவட்டங்களில் வானம் பொய்த்தபோது ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேறி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை தேடி வந்தோர் உண்டு. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி, இங்குள்ள முகாமில் குடியமர்ந்தோரும் உண்டு. துணிந்து வந்தவர்களில் சிலர் நிமிர்ந்தனர். சிலர் ஆலைக் கதவு மூடப்பட்ட நாளில் மீண்டும் வெறுங்கையராயினர். இவர்கள் எல்லாருக்கும் மூத்த அண்ணனாக நிற்கும் ஒரு புனிதரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் புனித யோசேவாஸ் முனிவர்.

அவர் கதையை நம் அண்டை ஊரான பழவேற்காட்டிலிருந்தே தொடங்கலாம். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே போர்த்துக்கீசியர் குடியேறினர். அவர்கள் எழுப்பிய மகிமை மாதா ஆலயம் 1515ஆம் ஆண்டில் தோன்றியது என்பது மரபு. அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தர் வந்தனர். 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரைக்கெல்லாம் பழவேற்காட்டையே தங்கள் தலைமையிடமாக்கினர். அதே ஒல்லாந்தக் கம்பெனிதான் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது.

பிடித்ததோடு நின்றதா? குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. மாந்தையிலிருந்த விசுவாசிகள் தங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள் என்பது மருதமடுத் திருப்பதியின் மரபு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் தரவும் ஆள் இல்லை.

1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில் பிறந்து, 1676இல் குருவான யோசேவாஸ் இச்செய்தியைக் கேட்டு மனம் நொந்தார். ஆனால் உடனே போக வழி பிறக்கவில்லை. 1681இல் கன்னட நாட்டு மறைபரப்புப் பகுதிக்குத் தலைவராக அனுப்பப்பட்டார். அங்கே போர்த்துக்கல் அரசரின் உரிமையை நாட்டியோருக்கும், உரோமையிலிருந்து நேரடியாக அதிகாரம் பெற்றோருக்கும் இடையே பெரும் பூசல். சமாதானத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. பூசலோ தீர்ந்தபாடில்லை. சில ஆண்டுகளில் கோவாவுக்கே திரும்பினார்.

அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1686இல் ஒரு பணியாளரைத் துணைக்கொண்டு புறப்பட்டார். தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். குருவின் அங்கியில்லை, கூலியாளின் கோலம். எடுத்த எடுப்பிலேயே கொடிய வயிற்றுக்கடுப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. தொற்றுநோய்க்கு அஞ்சிய ஊரில் நோயாளிக்கு இடம் ஏது? இரக்கமுள்ள ஒரு பெண்மணி வார்த்த கஞ்சியால் பிழைத்தார் என்பர்.

உடல் தேறியதும் கழுத்தில் ஜெபமாலையை அணிந்து, வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். வேண்டியது சோறு மட்டுமன்று. அந்த மாலையைக் கண்டதும் யாருடைய கண் கலங்குகிறது, யார் முகம் மாறுகிறது என்று பார்த்தார். அப்படியே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுகொண்டார். சில்லாலை மக்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து அவரை மறைத்துக் காத்தனர். இரவோடிரவாகத் திருப்பலி நடந்தது. ஒல்லாந்தர் மோப்பம் பிடித்துத் தேடவே, 1690இல் கண்டி அரசருக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

1692இல் கண்டி நகரை அடைந்தபோது காத்திருந்தது சிறைச்சாலை. போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்று பழி சுமத்தினர். அவரோ சிறைக்குள் இருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார். சிறை முற்றத்தில் ஒரு குடில் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். விடுதலையான பின், 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களுக்குக் கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தவர் இவரே. பின்னர் கோவாவிலிருந்து உடன்பணியாளர்கள் வந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் எழுதினார்.

1711 சனவரி 16ஆம் நாள் யோசேவாஸ் முனிவர் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அன்றும் ஒல்லாந்தரின் தடை நீங்கவில்லை. அவரை அடக்கிய கல்லறையின் இடமும் பின்னாளில் மறைந்து போயிற்று. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இல்தான் நீக்கப்பட்டன. அவர் இறந்து 95 ஆண்டுகள் கழித்து! 1995இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பு நகரிலேயே அறிவித்தனர். இலங்கையின் முதற்புனிதர் அவரே.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதும் துணிவுதான் என்பார் உண்டு. அது கண்மூடித்தனம். யோசேவாஸ் முனிவர் மொழி கற்றார், கோலம் மாற்றினார், வழி அடைபட்டபோது வேறு வழி தேடினார். செய்யத்தக்கதைச் செய்துவிட்டு, விளைவை ஆண்டவரிடம் விட்டார். தண்ணீர் மேல் நடக்க இறங்கி அமிழத் தொடங்கிய இராயப்பரும், படகைவிட்டு இறங்கியதால்தான் ஆண்டவரின் கரத்தைப் பற்றினார் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. அவர் தனியே வெல்லவில்லை. கஞ்சி வார்த்த ஒரு பெண்ணும், கதவைத் திறந்த சில்லாலை மக்களும் இல்லையேல் இந்த வரலாறே இல்லை. நம் பங்கிலோ, வேலை போனவர் ஞாயிறு பூசைக்கு வர வெட்கப்படுகிறார். கடன்பட்டவர் கடைசி வரிசையில் நின்று, இறுதி ஆசீருக்கு முன்பே நழுவிவிடுகிறார். தேர்வில் தவறிய பிள்ளை ஞானோபதேச வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுகிறான். அவர்கள் வராததை நாம் கவனித்தோமா? கவனித்தும் கதவைத் தட்டாதிருந்தோமா? இதை எழுதும் நாங்களும் இக்கேள்விக்குத் தலைகுனிகிறோம்.

யூபிலி ஆண்டு என்பது பழைய ஏற்பாட்டு மரபில் கடன்பட்டோருக்கும் இழந்தோருக்கும் மீட்பின் ஆண்டு. ஆகவே அன்பர்களே, கொடி இறங்கி, தோரணங்கள் அவிழ்க்கப்பட்ட பிறகு, நம் தெருவில் தோற்றுப்போய் ஒதுங்கியிருக்கும் ஒருவரை ஒவ்வொரு குடும்பமும் தேடிச் செல்வோம். மீண்டும் முயல அவருக்குத் தோள் கொடுப்போம். புனித யோசேவாஸ் முனிவர் நமக்காக வேண்டிக்கொள்வாராக!