மொட்டைமாடித் தொட்டியும் பிரஷர் பம்பும்

கடலூருக்குப் பக்கத்தில் கேப்பர் மலை என்னும் செம்மண் மேடாவது உண்டு. சிதம்பரத்துக்கு அதுவும் இல்லை. இரண்டுமே கடலோரச் சமவெளி ஊர்கள். இங்கே குழாயில் தண்ணீர் விசையாக வர வேண்டுமானால் அந்த விசையை மனிதரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டளவில் அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தண்ணீரை மேலே ஏற்றி வைப்பது. மற்றொன்று, மோட்டாரைக் கொண்டு தள்ளுவது. முன்னது மொட்டைமாடித் தொட்டி, பின்னது பிரஷர் பம்ப். எதிரெதிர் அணிகள்போல் தோன்றும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவற்றின் உறவு வேறு விதமாகத் தெரிகிறது.

முதலில் வலிமையை எடை போடுவோம். பத்து மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து நான்கு மீட்டர், ஷவர் இரண்டு மீட்டர் என்று கொள்வோம். ஷவருக்குக் கிடைப்பது இரண்டு மீட்டர் உயரத்தின் அழுத்தம்தான், அதாவது 0.2 கிலோ. வாளி நிரம்ப இது போதும். ஷவரும் தானியங்கி வாஷிங் மெஷினும் இதில் திணறும். அரைக் குதிரைத்திறன் பிரஷர் பம்ப் ஒன்றோ 20 முதல் 30 மீட்டர் உயரத்துக்கு ஈடான அழுத்தத்தை எளிதாகத் தருகிறது. சிதம்பரம் கோயில் கோபுரங்களின் உயரம் சுமார் 40 மீட்டர். ஓர் ஆள் தூக்கிச் செல்லும் இயந்திரம், கோபுரத்தின் பாதி உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத தொட்டி ஒன்றைக் கட்டிவிடுகிறது.

வலிமையில் பம்ப் வென்றால், பொறுமையில் தொட்டி வெல்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் மின்சாரமில்லாமல் இந்த மாவட்டம் தவித்த நாள்களை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் போன கணமே பம்ப் வெறும் இரும்பு. தொட்டியில் இருப்பது தீரும்வரை குழாய் ஓடும். ஆனால் அதே புயலில் காலித் தொட்டி ஆபத்தானது. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு டன். காலியாக இருந்தால் ஓர் ஆளே உருட்டிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை முழுக்க நிரப்பி வைப்பது குடிநீருக்கும் காப்பு, தொட்டிக்கும் காப்பு.

எதிர்பாராத உறவு இனிமேல்தான். பல பிரஷர் பம்புகளின் பக்கத்தில் உருண்டையாக ஒரு சிறு கலன் இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் பை. பைக்குள் தண்ணீர், பைக்கு வெளியே அடைத்து வைத்த காற்று. மோட்டார் நின்றபின் நாம் குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீரை அந்தக் காற்றுதான் தள்ளுகிறது. ஆக, பம்பின் உள்ளே ஒரு தொட்டி இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியும் தானாக நிரம்புவதில்லை. கீழே ஒரு மோட்டார் ஏற்றித் தர வேண்டும். தொட்டி சேமிப்பது மோட்டாரின் நேற்றைய உழைப்பை; அழுத்தக் கலன் சேமிப்பது சில நொடி முந்தைய உழைப்பை. ஒன்று உயரமாகச் சேமிக்கிறது, மற்றொன்று இறுக்கமாகச் சேமிக்கிறது. குழாயைத் திறக்கும்போதெல்லாம் மோட்டார் ‘டக், டக்’ என்று ஓடி ஓடி நின்றால், பெரும்பாலும் கலனில் காற்று இறங்கிவிட்டது என்று பொருள். கலனின் முனையிலுள்ள மூடியைக் கழற்றினால் மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது போன்ற வால்வு தெரியும். மோட்டாரை அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, சைக்கிளுக்கு அடிக்கும் பம்பாலேயே காற்று ஏற்றலாம். பலர் இதை அறியாமல் மோட்டாரையே மாற்றிவிடுகிறார்கள்.

இந்த உறவைப் பேருருவில் பார்க்கவும் கடலூர் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. 2004 முதல் வீராணம் ஏரி நீர், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் திட்ட அளவில், சென்னைக்குப் போகிறது. சேத்தியாத்தோப்பில் மோட்டார்கள் தள்ள, வடக்குத்து நிலையத்தில் சுத்திகரிப்பு. அங்கிருந்து மறுபடி தள்ளி, காடாம்புலியூரில் ஒரு தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அதன்பின் சென்னை போரூர் வரை சுமார் 200 கிலோமீட்டரும் புவியீர்ப்பில்தான். பம்பா தொட்டியா என்ற கேள்வியே அந்தப் பொறியாளர்களுக்கு எழவில்லை. ஏற்றுவது பம்ப், ஓடவிடுவது தொட்டி. சென்னைக்குச் சரியான இந்தப் பங்கீடு நம் வீட்டுக்கும் சரியே.

மாடி வீட்டில் பம்ப் எங்கே தேவை என்று பார்ப்போம். தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் மேல்தளத்தில்தான் விசை மிகக் குறைவு. கீழ்தளத்தில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. எனவே வீடு முழுவதற்கும் பம்ப் மாட்டத் தேவையில்லை, மேல்தள இணைப்புக்கு மட்டும் போதும். ஆனால் தொட்டிக்கும் பம்புக்கும் பொதுவான எதிரி குழாய். எனவே பம்ப் வாங்கும் முன், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அரை அங்குலமா என்று பாருங்கள். அதே அளவு நீர் முக்கால் அங்குலக் குழாயில் ஓடும்போது உராய்வு இழப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. வெளியேறும் குழாயில் காற்றுப் போக்கி இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு நல்ல தொட்டியும் சொட்டும். உப்புப் படிந்த குழாய் முனைச் சல்லடைக்குப் பின்னால் எந்தப் பம்பும் பயனற்றது.

வீட்டின் வயதும் தீர்ப்பில் பங்கு கேட்கிறது. சிதம்பரத்தின் பழைய ஓட்டு வீடுகளின் மேல் ஒரு டன் எடையை ஏற்ற முடியாது. அங்கே தரைத் தொட்டியும் பிரஷர் பம்பும்தான் பொருந்தும். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ கான்கிரீட் மாடி இருந்தால், தொட்டியை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்துவதே மலிவு. ஆனால் கடற்காற்றில் இரும்புத் தாங்கி துருப்பிடிக்கும். செங்கல் மேடை நல்லது.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தெருக் குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டாதீர்கள். அது சட்டவிரோதம், பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். அதைவிடப் பெரியது, உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சாக்கடை நீர் தெருவுக்கே வரும் குடிநீரில் கலந்துவிடும் ஆபத்து. தெருத் தண்ணீர் தானாக வந்து தரைத் தொட்டியில் விழட்டும். அதற்குப் பின்னால் எத்தனை மோட்டார் வேண்டுமானாலும் வையுங்கள்.