அறுபட்ட மூக்கும் ஆச்சியின் காதும்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் முதுகலை மாணவி ஒருத்தி, துறை அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்தாள். "அம்மா, மூக்கைச் சரிபண்ணிக்கிட்டா தப்பா?" என்று கேட்டாள். பெண் பார்க்க வந்த வீட்டார் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நகைக்கென்று சேர்த்த பணத்தில் அறுவை செய்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன தெரியும்? நல்ல மருத்துவராகப் பார்த்துக் கேள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அனுப்பிய பிறகுதான் அந்த விடை உறுத்தத் தொடங்கியது. அவள் கேட்டதில் மருத்துவம் பாதி, மானம் பாதி. அந்த மறுபாதியைத் தேடி நூலகத்துக்குப் போனோம். படித்தவற்றுள் சிலவற்றை இங்கே வைக்கிறோம்.

மூக்குக்கும் மானத்துக்கும் உள்ள உறவு நம் மொழிக்குப் புதியதன்று. அவமானப்பட்டவனை 'மூக்கறுபட்டான்' என்கிறோம். சூர்ப்பணகை கதை தெரியாத வீடு இல்லை. ஆனால் இது வெறும் கதையும் சொல்வழக்கும் அல்ல. 1656ஆம் ஆண்டு வாக்கில், திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்தது. அகப்பட்டோரின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து மைசூருக்கு அனுப்பினர் என்று அக்கால ஏசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள் கூறுகின்றன. சேதுபதியின் துணையோடு எதிர்த்துச் சென்ற மதுரைப் படையும் மைசூர் மண்ணில் அதையே செய்தது. வரலாற்று நூல்களில் இதற்கு 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர். கொன்றிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். மூக்கை அறுத்தவர்கள் அதை வாழ்நாள் முழுவதும் நீட்டினார்கள்.

அறுப்பவன் இருந்த நாட்டில் ஒட்டுபவனும் இருந்தான். 1792இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராத்தியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி விட்டனர். ஓராண்டுக் காலம் மூக்கின்றித் திரிந்தவருக்குப் புனேக்கு அருகில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகைத் தட்டி மூக்களவுக்குத் தகடாக்கி, அதை நெற்றியில் பரப்பிக் கோடிழுத்து, கோட்டின் வழியே தோலை அறுத்தெடுத்தார். புருவங்களுக்கு இடையே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டு, அதைக் காம்பாக வைத்துத் தோலைத் திருப்பி மூக்கின் மேல் பொருத்தினார். அந்தக் காம்பின் வழியாகத்தான் புது மூக்குக்கு இரத்தம் வந்தது. ஏறத்தாழ 25 நாள் கழித்து, ஒட்டிய தோல் உயிர் பிடித்த பிறகு, காம்பை வெட்டினார். சுசுருத சங்கிதையும் இதையொத்த முறையைக் கூறுகிறது. அங்கே அளவுக்கு மெழுகுக்குப் பதில் இலை. தோல் எடுப்பது கன்னத்திலிருந்து.

1794 அக்டோபரில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்ற இலண்டன் இதழ் இச்செய்தியைப் படத்தோடு வெளியிட்டது. படத்தில் கவாஸ்ஜிக்கு மூக்கு இருக்கிறது. நெற்றியில் தோல் எடுத்த இடத்தின் வடுவும் இருக்கிறது. ஒன்றைப் பெறுவதற்கு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற இத்துறையின் முதல் விதியை அந்தப் படம் மறைக்கவில்லை. அதைக் கண்ட ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்தார். பிணங்களில் பழகிப் பார்த்தார். 1814இல்தான் உயிருள்ள ஒருவருக்கு இதைச் செய்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அந்த நோயாளியின் மூக்கை அழித்தது எது தெரியுமா? ஈரல் நோய்க்கென்று கொடுத்த பாதரசம்.

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றதும் நெகிழியை நினைத்துக்கொள்வோர் உண்டு. உருவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர்; நெகிழிப் பொருளுக்கு முந்தியது. அந்தப் பொருளுக்கு முழுமையாகப் பொருந்தி நின்றவர் முதல் உலகப் போர்க்காலத்து ஹெரால்டு கில்லீஸ். இலண்டனை அடுத்த சிட்கப்பில் 1917இல் தொடங்கிய மருத்துவமனையில், முகம் சிதைந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அவரும் அவர் குழுவினரும் முகம் அமைத்தனர். அவ்வூர்ச் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்களாம். அதில் அமர்ந்திருப்பவரின் முகத்தைக் கண்டு திடுக்கிட வேண்டாம் என்று ஊராருக்குக் குறிப்பு. இன்று அவசியமில்லாததை நாளைக்குத் தள்ளிவை என்பது கில்லீஸ் தம் மாணவர்க்குச் சொன்ன பாடங்களுள் ஒன்று.

நம் மண்ணிலும் அப்படியொரு பணி நடந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு, 1946 முதல் வேலூரில் அறுவை மருத்துவராக இருந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர் என்றே அவரை அறிவோம். கிருமி முற்றும் ஒழிந்த பின்னும் அந்த நோயாளிகளை ஊர் சேர்க்கவில்லை. உட்புறம் சுருங்கி அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் காட்டிக் கொடுத்தன. எனவே மூக்கின் உட்புறத்தில் தோல் ஒட்டி அதை நிமிர்த்தினார்கள். தலையின் மயிர்த்தோலை எடுத்துப் புருவம் வைத்தார்கள். நோயைத் தீர்த்தது மருந்து. ஊருக்குள் அழைத்துச் சென்றது புருவம். இதை 'வெறும் அழகுக்காக' என்று யாரால் சொல்ல முடியும்?

இழந்ததைத் திரும்பப் பெறுவது ஒரு வழி. இருப்பதை மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாம் வழியைத் திறந்தவர்களுள் பெர்லினின் ஜாக் ஜோசப் முக்கியமானவர். 1896இல் காது புடைத்த ஒரு சிறுவனுக்கு அறுவை செய்தார். பள்ளியில் பிறர் கேலி செய்ததே அவனுடைய நோய். அறுவை நன்றாக முடிந்தது. ஜோசப்புக்கு வேலை போனது. ஆயினும் 1898இல் பெரிய மூக்கு ஒன்றைச் சிறிதாக்கி, உருவத்தால் வரும் மனவேதனையும் வேதனையே என்று வாதிட்டார். அவர் யூதர். தம்மிடம் வந்த யூதர்கள் சிலர் எதைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்க வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்த மூக்கில் ஒரு குறையும் இல்லை. பார்த்த கண்ணில்தான் குறை. கண்ணைத் திருத்த வழியற்றபோது மூக்கைத் திருத்தினார்கள்.

இதுவரை சொன்னவையெல்லாம் பெரும்பாலும் அவரவர் உடலின் தோலையும் எலும்பையும் கொண்டு செய்தவை. அயற்பொருள் உள்ளே நுழைந்த கதை வேறு. 1899இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி பாரஃபின் மெழுகை உடலுக்குள் ஊசியால் ஏற்றினார். வெட்டு இல்லை, தழும்பு இல்லை, சில நிமிடத்தில் வேலை முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் மூக்கு, கன்னம், மார்பு என்று எங்கும் ஏற்றினார்கள். அதன்பின் மெழுகு இடம் பெயர்ந்தது. கட்டி கட்டியாக இறுகியது. தோலைப் பிய்க்காமல் எடுக்க முடியவில்லை. பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கன், மூக்கு நேராக வேண்டும் என்று இளவயதில் ஏற்றிக்கொண்ட மெழுகு தாடைக்கு இறங்கி, பேரழகி எனப் பெயர்பெற்ற முகத்தைக் கெடுத்தது என்பர்.

1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதல் சிலிக்கோன் மார்பகப் பையை உடலில் வைத்துக்கொண்ட பெண்ணின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. பச்சை குத்தியதை நீக்கிக்கொள்ளத்தான் அவர் மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர்கள்தாம் இந்தப் புதிய பையைப் பற்றிக் கேட்டார்கள். அவர் உள்ளத்தில் இருந்த குறை காது புடைப்பு. காதையும் சரிசெய்வதாகச் சொன்னதால் ஒப்புக்கொண்டார். அவரைத் தொடர்ந்து இலட்சக்கணக்கானோர் வைத்துக்கொண்ட பிறகே பாதுகாப்புச் சான்று எங்கே என்ற கேள்வி வலுத்தது. 1992இல் அமெரிக்க அரசு அதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்தியது. ஆய்வுகளுக்குப் பின் 2006இல் மீண்டும் அனுமதித்தது. 2010இல் பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமற்ற தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது வெளிப்பட்டது. 2019இல் சொரசொரப்பான மேற்பரப்புடைய சில வகைப் பைகள், அரியதொரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை என்று திரும்பப் பெறப்பட்டன. இவை ஆயுள் முழுவதும் இருக்கும் பொருள்கள் அல்ல என்பதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் 2021இல்தான் வந்தது.

ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது நம் வீட்டு ஆச்சி நினைவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் சிறுவயதிலேயே காது குத்தி, குணுக்குப் போட்டு வளர்த்து, தோளைத் தொடும் அளவுக்கு இறக்கிய காது அவருடையது. பாம்படம் ஆடும் காதுதான் அன்றைக்கு அழகு. பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போனதும் அதே காது பட்டிக்காட்டுக் காதாகிவிட்டது. தொங்கிய சதையை அறுத்துத் தைத்துக்கொண்டார். பாம்படம் அழிந்து வளையலாயிற்று. தையல் போட்ட இடம் தடித்துத் தழும்பாகி இறுதிவரை அரித்துக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் பேத்திகள் பழைய புகைப்படத்தைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு ஆச்சி, ஏன் அறுத்தீங்க?" என்று கேட்டார்கள். காதைத் தடவியபடி, "அப்ப எல்லாரும் அறுத்தாவ, நானும் அறுத்தேன்" என்றார். அழகின் அளவுகோல் ஆச்சியின் ஒரே ஆயுளுக்குள் இருமுறை மாறிவிட்டது. தழும்பு மாறவில்லை.

எனவே இப்போது அம்மாணவி வந்து கேட்டால், தப்பு என்று சொல்லமாட்டோம். வரலாறு கற்பித்த சில கேள்விகளை அவள் கையில் கொடுப்போம். யார் கை அறுக்கிறது? 2016இல் சென்னையில் முடி நடுகை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றது போதாது, முறையான பயிற்சி வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்ல வேண்டியிருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் யார், இடையில் ஆபத்து நேர்ந்தால் அங்கே என்ன வசதி இருக்கிறது? உள்ளே வைக்கும் பொருள் எது, எத்தனை ஆண்டு கவனிக்கப்பட்டது, வேண்டாமென்றால் எடுக்க முடியுமா? ஊசிதானே என்று எண்ணலாகாது. முகத்தில் ஏற்றும் நிரப்பு மருந்து இரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோனதும் உண்டு. மூக்கு அறுவையின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு வரை ஆகலாம். சிலருக்கு மறுமுறையும் அறுக்க நேரும். அந்தப் பணமும் பொறுமையும் இருக்கிறதா? நெற்றியில் கவாஸ்ஜி கொடுத்ததைப்போல் நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?

கடைசிக் கேள்வியை ஆச்சியிடமிருந்து எடுத்துக்கொள்வோம். இந்தக் குறையை முதலில் கண்டது யார்? கண்ணாடி முன் நின்ற நீயா, காப்பி குடித்துவிட்டுப் போன வீட்டாரா? நீதான் என்றால், நெடுநாளாக அது உன்னை வருத்துகிறது என்றால், ஜோசப்பின் வாதம் உன் பக்கம் இருக்கிறது. அந்த வீட்டார்தான் என்றால், ஓராண்டு பொறு. கார்ப்யூ இருபதாண்டு பொறுத்தார். அவர்கள் மறுபடி வரப்போவதில்லை. மூக்கு உன்னோடுதான் இருக்கப்போகிறது.