பதினேழாம் இடத்தில் தேறியவர்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலை தலைக்குந்தாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பைக்காராவுக்குப் போகிறது. மற்றொன்று கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குகிறது. பழைய ஏடுகளில் அதற்குச் சீகூர் மலைப்பாதை என்று பெயர். பைக்காராவில் படகேறி, அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாம் இந்த இரண்டாம் சாலையை அதிகம் நினைப்பதில்லை. ஆனால் பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் இறக்கி 1932-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய சிங்காரா, அந்தச் சரிவின் அடியில்தான் இருக்கிறது. அதற்கும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1897-இல், அதே சரிவில் மலேரியாவின் காரணத்தைத் தேடி அலைந்த ஒரு ராணுவ மருத்துவருக்குக் கல்லட்டிப் பக்கத்தில் அந்தக் காய்ச்சலே கண்டது. அவர் ரொனால்ட் ராஸ்.

விடுப்பில் உதகைக்கு வந்திருந்த ராஸ், அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். இவையெல்லாம் பள்ளிப் பாடநூலிலேயே உள்ளவை. பாடநூல் சொல்லாதது அவருடைய மதிப்பெண் வரலாறு.

ராஸுக்கு மருத்துவத்தில் விருப்பமே இருந்ததில்லை. கவிதையும் இசையும் ஓவியமுமே அவருடைய நாட்டம். படைத் தளபதியான தந்தையின் வற்புறுத்தலால் 1874-இல் லண்டனில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1879-இல் அறுவை மருத்துவருக்கான தேர்வில் தேறினார். உடன் எழுதிய மருந்தாளர் சங்கத் தேர்வில் தோற்றார். கப்பல் மருத்துவராகக் காலம் தள்ளி, 1881-இல் மறுபடி எழுதித் தேறினார். இந்திய மருத்துவப் பணிக்கான தேர்வில் தேறிய 22 பேரில் அவருக்குக் கிடைத்தது 17-ஆம் இடம். சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். 1888-இல் விடுப்பில் இங்கிலாந்து திரும்பிய பின்னரே பொதுச் சுகாதாரப் பட்டயமும் நுண்ணுயிரியல் பயிற்சியும் பெற்றார். இளமையில் படிக்காததை முப்பதுக்கு மேல் படிக்கப் படைப்பணி அவருக்கு இடம் கொடுத்தது.

ராஸ் தளபதியின் மகன் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவருக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. 1855-இல் இந்திய மருத்துவப் பணிக்குப் போட்டித் தேர்வு வந்தது. அவ்வாண்டே வங்காளத்தின் சூர்ஜ குமார் சக்கரவர்த்தி அதில் தேறினார். ஆனால் தேர்வு நடந்ததோ லண்டனில். கப்பல் ஏற வசதியற்றவருக்கு அது பெயரளவில்தான் திறந்திருந்தது.

அத்தகையோருக்குப் படையின் வழியாகவே வேறொரு வாசல் இருந்தது. 1835-இல் சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி, இன்றைய சென்னை மருத்துவக் கல்லூரியின் முன்னோடி. ராணுவத்துக்குத் துணை மருத்துவப் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதே அதன் முதல் நோக்கம். அப்போதிக்கரிகளும் டிரெஸ்ஸர்களும் அங்கே உருவானார்கள். பின்னாளில் உதவி மருத்துவர், துணை உதவி மருத்துவர் என்று பெயர்கள் மாறின. மேல்நிலை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும், கீழ்நிலை இந்தியருக்கு என்ற பாகுபாடு நீடித்தது. நியாயமற்ற ஏணிதான், ஆனாலும் அதற்குப் படிகள் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் படிகள் ஒவ்வொன்றாக நீங்கின. 1943-இல் படை மருத்துவப் பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டன. 1946-இல் போர் குழு, நாட்டுக்கு ஒரே தரத்து மருத்துவர் போதும், எல்.எம்.பி. போன்ற சுருக்கப் படிப்புகள் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. தரம் கருதிய பரிந்துரை அது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தாழ்ந்த படியை எடுத்தபோது, அதில் நின்றவர் மேலே ஏற வேறு படி நிலையாக வைக்கப்படவில்லை.

அதன் விளைவை இன்றும் காண்கிறோம். ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் என்றொரு பணி உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவரே அதில் சேர முடியும். ஆண்டுக்கணக்கில் காயம் கட்டி, ஊசி போட்டு, குளிரிலும் காட்டிலும் நோயாளியைக் காத்தவர் ஓய்வு பெற்றபின் மருத்துவராக விரும்பினால், பதினேழு வயதில் வாங்கிய அந்த மூன்று பாட மதிப்பெண்தான் அவருடைய தகுதியைத் தீர்மானிக்கிறது. அதைக் கடந்தாலும் நீட் தேர்வில் பயிற்சி நிலையத்திலிருந்து நேரே வரும் மாணவருடன் போட்டியிட வேண்டும். தமிழகத்தில் மருத்துவ இடங்களில் படைவீரருக்கென ஒரு சிறு ஒதுக்கீடு உண்டு; அது முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கானது. தந்தையின் சேவை மகளுக்கு இடம் தரும். அவருக்குத் தராது.

வயது முதிர்ந்தவருக்கு இடம் கொடுத்தால் இளையவரின் வாய்ப்பு போகுமே என்ற எதிர்வாதம் வலுவானது. 2022 ஜனவரியில், நீட் எழுதிக் கலந்தாய்வுக்கு வந்த அறுபது கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இளைஞர் ஒருவர் படிக்கட்டும் என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை வணங்குகிறோம். ஆனால் படையிலிருந்து வருபவர் அறுபது வயதினர் அல்லர். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுக்குப் பின் நிலைநிறுத்தப்படுவோர் அதிகபட்சம் நான்கில் ஒருவர். மற்றவர் இருபதுகளிலேயே வெளியேறுவர். நீட் தேர்வின் வயது உச்சவரம்பு நீக்கப்பட்டதும் அதே 2022-இல்தான். வயதுத் தடை போயிற்று. மதிப்பெண் தடை நிற்கிறது.

இதற்குச் சலுகை ஒன்றே மருந்தல்ல. அமெரிக்காவின் படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகம் 2014 முதல் ஒரு வழியைக் கையாள்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிப்பாய்கள் பணியில் இருந்தபடியே இரண்டாண்டு அறிவியல் பாடங்களைப் படிக்கிறார்கள். பின்னர் மற்றவரைப்போல மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். இடம் உறுதியில்லை. தம்மை மீண்டும் நிரூபிக்க அவகாசம் உண்டு.

நீலகிரியில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அதே மாவட்டத்தில் உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்கூட இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டாண்டுப் படிப்பொன்றை அமைப்பது அரசுக்கு ஆகாத காரியமன்று. இன்றைய அளவுகோலில் வைத்தால் 22 பேரில் 17-ஆவதாக வந்தவரைப் பற்றி நாம் என்ன முடிவு செய்திருப்போம் என்பதை, அதை அமைக்க வேண்டியவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.