கடலாயியின் முறையீடு

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகைக்குப் போக, பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் பதித்து நகர வேண்டும். உள்ளே 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே சற்று மேடாக விட்டுத் தலையணை ஆக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய படுக்கையை ஒட்டித் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு ஓடுகிறது. ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு சமணத் துறவிக்கு இளையர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி. எருமிநாட்டை மைசூர்ப் பக்கம் என்கிறார்கள் அறிஞர்கள். உற்றார், வீடு, மண் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர்தான். கல்வெட்டு மட்டும் அவர் பிறந்த ஊரை விடவில்லை.

அவருக்குப் பின் சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களும் படுக்கைகளின் மேல் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். திருநீலன், ஸ்ரீபூர்ணசந்திரன் எனப் பட்டியல் நீளும். இவர்கள் யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று ஒரு வரியும் கிடையாது. துறவின் வரலாறு எங்கும் இப்படித்தான். துறந்தவர் பெயர் நிற்கும், துறக்கப்பட்டவர் பெயர் நிற்காது.

துறக்கப்பட்டவர்களில் நின்ற பெயர் ஒன்று உண்டு. அதற்குச் சித்தன்னவாசலிலிருந்து தென்கிழக்கே, இராமநாதபுரத்து மறவர் சீமைக்குப் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. ரகுநாதத் தொண்டைமானின் தங்கை காதலி நாச்சியாரை மணந்து, மைத்துனருக்குப் புதுக்கோட்டைச் சீமையை விட்டுக்கொடுத்தவர் இவரே. கல்யாணம் அந்தக் காலத்தில் வீட்டு விஷயம் மட்டுமல்ல, அரசியல் ஒப்பந்தமும்கூட. நம் கதைக்கு இதுதான் சாவி.

லிஸ்பனில் 1647இல் பிறந்த சேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ, தமிழர்களுக்கு அருளானந்தர், காவி கட்டிப் பண்டாரசுவாமியாக இந்தச் சீமையில் சுற்றினார். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா போனவர் அங்கே தங்காமல் திரும்பி வந்தார். அப்போதுதான் தடியத்தேவர் குறுக்கிடுகிறார். மறவர் அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய குடும்பத்தவர். தீராத நோயில் கிடந்தபோது ஓர் உபதேசியாரின் செபத்தால் குணமானார் என்பது மிஷன் வரலாறு. ஞானஸ்நானம் வேண்டுமென்றார்.

சிக்கல், அவருக்கு மனைவியர் பலர். இந்த விவகாரத்துக்கு ரோமிடம் ஏற்கெனவே விதி இருந்தது. மனம் திரும்பியவர் முதல் மனைவியை வைத்துக்கொள்ள வேண்டும், யார் முதல் மனைவி என்று நினைவில்லாவிட்டால் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று 1537இல் போப் மூன்றாம் பவுல் ஆணையிட்டிருந்தார். முதல் மனைவி யாரென்றே மறந்துபோகும் கணவன்மாருக்காகச் சட்டத்தில் இடம் விட்டிருப்பதைப் படித்தால் சிரிப்பதா, எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. தடியத்தேவர் மறக்கவில்லை. மூத்தவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி. சேதுபதியின் உறவுப்பெண். மற்றவர்கள் என்ன சொன்னார்களோ, இவள் நேரே சேதுபதியிடம் போய் முறையிட்டாள். பக்திக் கதைகளில் இவள் வில்லியாகவே வருகிறாள். அது நியாயமில்லை. தவறேதும் செய்யாத ஒருத்தியின் கல்யாணம் ஒரு மதத்தின் பார்வையில் ஒரே நாளில் பாவமாகிவிட்டது. கேட்க அவளுக்கு அரசன் இருந்தான், கேட்டாள். அரியணைப் போட்டியாளர் ஒருவர் புதிய கூட்டாளிகளைச் சேர்க்கிறார் என்ற கவலையும் சேதுபதிக்கு இருந்திருக்கும். இரண்டே நாளில், ஜனவரி 8ஆம் தேதி, அருளானந்தர் கைதானார். ஓரியூர்ச் சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்து மையாக்கிக் கடைசிக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டப்பட்டது. 1947இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. கடலாயி பிறகு என்ன ஆனாள் என்பதில் யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

கிழவன் சேதுபதி 1710இல் இறந்தபோது 47 மனைவியர் உடன்கட்டை ஏறியதாக, மறவர் நாட்டில் பணியாற்றிய மார்ட்டின் பாதிரியார் ஐரோப்பாவுக்கு எழுதினார். உறவை விடுவதே கடினமான அந்தச் சீமையில், விடவே முடியாதவர்களின் கணக்கு இது.

சிதையிலிருந்து தப்பிய ஒருத்தியும் உண்டு. தஞ்சை மராத்திப் பிராமண விதவையான கிளாரிந்தாவை ஓர் ஆங்கில அதிகாரி காப்பாற்றி, கிறிஸ்தவமும் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் ஆகாமல் அவரோடு வாழ்ந்ததால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தர மறுத்தார். உயிர் கொடுத்த உறவே அவளுக்குத் தடையானது. அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் சுவார்ட்ஸ் இசைந்தார். பாளையங்கோட்டையில் 1785இல் எழுந்த கோயில் அவள் கட்டியது.

கல்யாண விவகாரங்களுக்குள் அரசாங்கமும் பின்னால் வந்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு என்ற ஒரே காரணம் போதும். மனைவிக்கு அது போதாது; கணவன் அடித்தான், கைவிட்டுப் போனான் என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடி மட்டும் என்றால் தாலியோடு சகித்துக்கொள்ள வேண்டியதுதான். 126 ஆண்டுகள் கழித்து, 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தக் கோணலை வெட்டியது. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இருவருக்கும் பொதுவான காரணங்களை வைத்தது. இருவரும் மனமொத்துப் பிரியவும் வழி தந்தது.

கத்தோலிக்கர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்போடு வேலை முடிவதில்லை. மறுமணம் கோயிலில் நடக்க வேண்டுமானால், முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டும். முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒத்துப்போக வேண்டியிருந்தது. 2015இல் போப் பிரான்சிஸ் ஒன்றே போதும் என்றாக்கினார். அடுத்த ஆண்டு வெளியிட்ட மடலில், வன்முறையும் அவமதிப்பும் உள்ள வீட்டிலிருந்து பிரிவது சில வேளை ஒழுக்கப்படியே அவசியம் என்றும் எழுதினார். தீர்ப்பாயத்தில் யார் மனு போட்டாலும், மறுதரப்புக்கு அழைப்பு அனுப்பி, பேச வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் விசாரணை நகரும்.